பேரும் பேரேடும்: மலையக எழுத்துக்களைத் தொகுதியாக வாசித்தல் குறித்து ஒரு விமர்சனம்

இலக்கிய ஆய்விற் சொற்களை எண்ணுதல் புதியதொரு முயற்சியன்று. சங்கச் செய்யுள்களில் மீண்டும் மீண்டும் வரும் வாய்பாட்டுத் தொடர்களைத் திரட்டி, அவற்றை வாய்மொழிப் பாடல் மரபின் அடையாளங்களாகக் கண்ட பேராசிரியர் க. கைலாசபதியின் தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. அதற்கும் முன்னரே, 1949இல், ரொபேர்ட்டோ பூசா என்னும் இத்தாலிய யேசுசபைத் துறவி, தோமஸ் அக்குவினாசின் எழுத்துக்கள் அனைத்துக்கும் சொல்லடைவு காணும் பொருட்டு ஐ.பி.எம். நிறுவனத்தை அணுகித் துளை அட்டைகளின் துணையை வேண்டினார். பணி முடிந்து தொகுதிகள் அச்சேற முப்பதாண்டுகள் சென்றன. எனவே எண்ணும் இயந்திரமும் எண்ணும் விமர்சகரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர் எனலாம்.

ஆயினும் கைலாசபதியின் எண்ணிக்கைக்கும் இன்றைய எண்ணிக்கைக்கும் அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. அவர் தாம் எண்ணிய செய்யுள்களைப் படித்திருந்தார். இன்று ஆய்வாளர் ஒருவர், தாம் ஒருபோதும் படித்திராத, படிக்கவும் எண்ணாத பல்லாயிரம் பக்கங்களை ஒரே கட்டளையின்கீழ் நிறுத்தலாம். அவற்றை நூறு நூறாகப் பிரித்து, ஒவ்வொரு நூற்றின்மீதும் ஒரே செய்கையை ஒரே ஒழுங்கில் நிகழ்த்தி, இடையில் மனிதர் எவரும் குறுக்கிடாதவாறு முடிவை அட்டவணையாகப் பெறலாம். இரவில் ஏவிவிட்டு உறங்கச் சென்றால் விடியலில் அட்டவணை ஆயத்தமாயிருக்கும். கணினித் துறையினர் இதனைத் தொகுதிமுறைச் செயலாக்கம் என்பர். படங்களாக நிற்கும் அச்சுப் பக்கங்களை எழுத்தாக மாற்றுதல், மாற்றிய எழுத்தைச் சொற்களாக வெட்டுதல், சொற்களைத் 'துப்புரவு' செய்தல், பின்னர் எண்ணுதல் என இவ்வேலை படிப்படியாக நிகழும்.

ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியதன் பின்னர், மலையக எழுத்துக்களையும் இவ்வாறு வாசிக்கும் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. அவ்வாய்ப்பை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நிரல் என்பதும் ஒரு வாசிப்பே. அதற்கும் ஒரு நிலைப்பாடு உண்டு. அது யாருடைய தமிழைத் தமிழ் எனக் கொள்கின்றது, யாருடைய தமிழைப் பிழை எனக் கழிக்கின்றது என்று வினவும் கடமை விமர்சகருக்குரியது என்பதே இங்கு கூற முற்படுவது.

இவ்வினா மலையகத்துக்குக் குறிப்பாகப் பொருந்துவதேன் என்பதை முதலில் விளக்க வேண்டும். தொகுதியாகக் கணக்கிடப்படும் அனுபவம் இலங்கையில் வேறெச்சமூகத்துக்கும் இத்துணை நெருக்கமானதன்று. பெருந்தோட்டத்தின் நாளாந்த வாழ்வே காலைப் பெரட்டிலே தொடங்குவது. ஆட்கணக்கு எடுக்கப்படும், மலை பிரிக்கப்படும், மாலையிற் கொழுந்து நிறுக்கப்படும், கணக்கப்பிள்ளை கையேட்டிற் பதிந்தவை செக்ரோலில் ஏறும், மாத இறுதியில் அப்பேரேடு முழுவதும் கூட்டப்பட்டுச் சம்பளமாகும். இதில் ஒரு நாள் வேலைக்கு வழங்கும் அலகின் பெயர் 'பேர்' என்பதாகும். நாள் முழுவதும் உழைத்து, குறித்த நிறையைப் பறித்தவருக்கு ஒரு பேர். நிறை குறைந்தாலோ, பிந்தி வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டாலோ அரைப்பேர். பேர் விழாத நாளும் உண்டு. உற்பத்தி உறவு ஒன்று மொழியின் அடிப்படைச் சொல்லொன்றினுள் புகுந்து அதன் பொருளை மாற்றியமைத்ததற்கு இதைவிடத் துலக்கமான சான்று தமிழில் அரிது. மனிதரின் அடையாளமாகிய பெயரே இங்கு கூலியின் அலகாகி, அரையாகவும் பிளவுபடக்கூடியதாயிற்று.

தோட்டத்தின் பேரேட்டை அடுத்து அரசின் பேரேடு வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தனர். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. ஆவணத்துக்கு ஆவணம் பெயரின் எழுத்து வேறுபட்டமை போன்ற நுணுக்கங்களும் மறுப்புக்குக் காரணங்களாயின. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பாடு பேசுவதற்கென ஒதுக்கிவைத்தது. ஏழுக்கு நான்கு என்னும் விகிதத்தில் மனிதர் நகர்த்தப்பட வேண்டும் என்பது அதன் கணிதம். ஒதுக்கிவைத்த மீதியை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இங்கும் ஒவ்வொருவரும் ஓர் அட்டவணையின் ஒரு வரி. வரிக்குள் அடங்காதவர் மீதி.

இப்பின்னணியை மனங்கொண்டே அடுத்து வருவதை வாசிக்க வேண்டும். சில காலத்துக்கு முன்னர், வெலிமடையைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிற் கிடைத்த பழைய பாடசாலை மலர்கள், திருவிழாச் சிறப்பிதழ்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள் ஆகியவற்றைத் திரட்டி, நாமே எழுதிய நிரலொன்றினூடாகச் செலுத்தினோம். பேச்சு வழக்குச் சொற்களை எழுத்து வழக்குக்கு மாற்றும் அட்டவணையொன்றும் அதிற் சேர்ந்திருந்தது. இவ்வாறான அட்டவணை ஒன்றைச் சேர்ப்பது வழக்கமே; ஒரே சொல்லின் பல வடிவங்களை ஒன்றாக எண்ணுவதற்கு அது உதவும். சொற்பட்டியல் அச்சாகி வந்ததும், தோட்டத்தில் ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றோம். அவருடைய பேத்தி வாசித்துக்காட்ட, அவர் பொறுமையுடன் கேட்டிருந்தார். 'அரைப்பெயர்' என்ற சொல் வந்தபோது நிறுத்தச் சொன்னார். "அது யாரோட பெயருங்க சேர்? நாங்க அரப்பேருக்கு வேல செஞ்சவங்க. அரப்பெயருன்னு ஒண்ணு இல்லையே" என்றார்.

தவறு எங்கே நிகழ்ந்தது என்பது உடனே புலனாயிற்று. 'பேர்' என்பதைக் கண்ட இடமெல்லாம் 'பெயர்' என மாற்றும்படி அட்டவணையில் நாமே எழுதியிருந்தோம். யாழ்ப்பாணத்து எழுத்துக்கும் சென்னை எழுத்துக்கும் அம்மாற்றம் பெரும்பாலும் பொருந்தும். இங்கோ அது ஒரு நாட்கூலியை இல்லாதவொரு பெயராக்கியது. பிழை ஒரு முறை நிகழவில்லை. தொகுதி முழுவதிலும் ஒரே கணத்தில், ஒரே சீராக நிகழ்ந்தது. எழுத்துக் கோப்பவர் ஒருவர் களைப்பால் விடும் பிழை இங்கொன்று அங்கொன்றாக இருக்கும். அடுத்த பக்கத்தின் துணைகொண்டு அதனைத் திருத்தலாம். நிரலின் பிழையோ எங்கும் பரந்து நிற்பதால் ஒப்புநோக்குதற்குத் திருந்திய பக்கமொன்றும் எஞ்சுவதில்லை. சீராக இருப்பதனாலேயே அது பிழையெனத் தோன்றுவதுமில்லை.

இவ்வனுபவத்தின் பின்னர் நிரலின் ஒவ்வொரு படியையும் விமர்சனக் கண்கொண்டு மீள நோக்கினோம். முதலாவது படி, பக்கப் படத்தை எழுத்தாக்குதல். தமிழகத்தில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் ஆணையாகும்வரை, லை, ளை, னை, ணை ஆகியவை துதிக்கைபோல் வளைந்த தனி வடிவில் அச்சிடப்பட்டன. ஈழத்து அச்சகங்கள் பலவற்றில் அவ்வீய எழுத்துக்கள் அதன் பின்னரும் வழக்கிலிருந்தன. புதிய வடிவங்களை அதிகமாகக் கண்டு பழகிய எழுத்துணரி பழைய வடிவத்தைக் கண்டவிடத்துத் தடுமாறும். மலை, மலைநாடு, தேயிலை, கணக்கப்பிள்ளை ஆகிய சொற்களை எடுத்துக்கொண்டால் அவை யாவற்றிலும் அவ்வெழுத்துக்களுள் ஒன்று உண்டு. ஒரு பிரதேசத்தின் பெயரே அதன் பழைய அச்சில் வாசிக்கப்படாது போகும் நிலை இது.

அடுத்தது குறியாக்கம். கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து இலங்கையிற் கணினியில் அச்சுக்கோத்த நூல்களுட் பெருந்தொகையானவை பாமினி எழுத்துருவைக் கொண்டவை. அங்கு 'த' என்பது உண்மையில் ஆங்கில விசையொன்றின் முகமூடியே. அவற்றை யூனிகோடுக்குத் தொகுதியாக மாற்றும் நிரல், எழுத்துரு பற்றிய குறிப்பு இழக்கப்பட்ட கோப்பொன்றைக் கண்டால், இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொல்லையும் தமிழாக்கிவிடும். தோட்டங்களின் பதிவுப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுவன. அவை பொருளற்ற தமிழெழுத்துக் குவியல்களாக மாறி, பின்னர் பிழைச்சொற்கள் எனக் கழிக்கப்படும். யூனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்பதை ஒற்றை உயிர்க்குறி கொண்டும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கு அவை இருவேறு சொற்கள். இவ்வேறுபாட்டை முன்கூட்டியே சமப்படுத்தாவிடின் 'கொழுந்து' இரண்டாகப் பிளந்து எண்ணப்படும். 'தோட்டம்' என்பதும் அவ்வாறே. இது திருத்துவதற்கு எளிதானது. ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் அவ்வரி எழுதப்பட்டதா என்பதை வெளியான அட்டவணையிலிருந்து வாசகர் அறிய வழியில்லை.

இவை பொறியியற் குறைபாடுகள் என ஒருவர் ஒதுக்கலாம். சொற்பொருளுக்கு வந்தால் அவ்வாறு ஒதுக்க இயலாது. 'லயம்' என்ற சொல்லை நோக்குக. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 தொடக்கம் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. தோட்ட வாழ்வோ அப்போது ஒரு நூற்றாண்டை எட்டிக்கொண்டிருந்தது. ஆயினும் பொதுத்தமிழின் அகராதி மரபில் லயம் இசையோடும் ஒடுக்கத்தோடும் தொடர்புடைய சொல். மலையகத்திலோ அது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாய் ஒட்டிநிற்கும் குடியிருப்பு. சொற்களைப் பொருள்வழியே தாமாகக் குழுவாக்கும் நிரல்கள், தமிழகத்து நூல்களின் பெருந்தொகையிலிருந்தே சொல்லுறவுகளைக் கற்கின்றன. அவற்றின் கைப்பட்ட சிறுகதையில், குடும்பமொன்று ஒண்டிக்கிடக்கும் காம்பரா சுருதிக்கும் தாளத்துக்கும் அருகே சென்றமரும். 'பெரட்டு' என்பது எழுத்துத்திருத்தியின் கையிற் 'புரட்டு' ஆகும். (இத்திருத்தத்திற் கவிதை நியாயம் இல்லாமலில்லை என நண்பரொருவர் கூறினார், அது வேறு விடயம்.) 'துண்டு' என்பது கந்தையையோ பகுதியையோ குறிப்பதாகவே கொள்ளப்படும். தொழிலாளியின் கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றி அவரைக் கட்டிவைத்த கடன்சீட்டின் பெயர் துண்டு என்பதும், அம்முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்பதும் எந்த அட்டவணையிலும் இல்லை.

வெலிமடை என்ற ஊர்ப்பெயரும் இவ்வகையினதே. சிங்களத்தில் மணலையும் சேற்றையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்ததாகத் தோன்றும் அப்பெயர், தமிழ் வாயில் மடையோடு முடிகின்றது. நாம் திரட்டியவற்றுள் அது வெலிமடை, வெலிமட, வெலிமடா, வெளிமடை எனப் பலவாறு எழுதப்பட்டிருந்தது. தமிழ்ச்சொல்லாக நோக்கும் திருத்தி 'வெளிமடை'யைத் தேர்ந்தெடுக்கும். அதற்கு ளகரமே தமிழாகத் தோன்றும். காய்கறிச் செய்கை பரந்த இப்பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்குப் பாத்திகளிற் சிங்களக் கிராமத்தவரோடு தோட்டத்தவர் நாட்கூலிக்கு நிற்பதும், குருத்தலாவை முஸ்லிம் வியாபாரிகளோடு கொடுக்கல் வாங்கல் செய்வதும் இயல்பான வாழ்வு. மொழியும் அங்கேயே உருவாகின்றது. ஒரு பெயரின் நான்கு எழுத்துமுறைகள் நான்கு பிழைகளல்ல. அவ்வூரில் யார் யாரிடமிருந்து எப்பெயரைக் கேட்டார் என்பதன் சுவடுகள். எண்ணுவதற்காக அவற்றை ஒன்றாக்கலாம். ஒன்றாக்கியதன் பின் நான்கையும் அழித்துவிடுவதற்கு நியாயமில்லை.

துப்புரவுப் பணியில் இரு விதிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. மிக அருகி வரும் சொற்களைக் கழித்தல் ஒன்று. மிகப் பெருகி வரும் சொற்களைக் கழித்தல் மற்றொன்று. இரண்டுக்கும் தொழில்நுட்ப நியாயம் உண்டு. அருகி வருபவை பெரும்பாலும் அச்சுப்பிழைகள். பெருகி வருபவை 'ஒரு', 'அந்த', 'என்று', 'நாம்' போன்று தனிப்பொருள் குறைந்தவை. ஆனால் எத்தொகுதியில் அருகியவை என்ற வினா உடனெழுகின்றது. தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டு நிரலின் துணையால் எழுத்தாக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கியவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் அடித்தளமும் செவ்விலக்கியங்களே. இவ்விரு திட்டங்களின் பணி போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. எனினும் அப்பெருங்குவியலோடு மலையக நூல்களைச் சேர்த்து ஒரே அளவுகோலை வைத்தால், பிள்ளைக்காம்பராவும் அரைப்பேரும் பெரட்டுக்களமும் அளவுகோலுக்குக் கீழே வீழ்வது உறுதி. அச்சேறும் வசதி குறைந்த மக்களின் சொற்கள் அச்சில் அருகியே இருக்கும். அருகியது கழிக என்னும் விதி, வசதியற்றோரை வசதியின்மை காரணமாகவே மீண்டும் ஒருமுறை வெளியேற்றும் விதியாகின்றது.

பெருகியதைக் கழிக்கும் விதியின் விளைவு இன்னும் நுண்ணியது. ஊவாக் கட்டவளையிற் பிறந்து, பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரின் முன் சூடிக்கொண்டவர் தெளிவத்தை ஜோசப் (1934 - 2022). அவருடைய சிறுகதைத் தொகுதி 'நாமிருக்கும் நாடே' 1979இல் வெளிவந்தது. பாரதியின் பாடலொன்றை நினைவூட்டும் அத்தலைப்பை நிரலொன்றிடம் கொடுத்துப் பார்க்கலாம். முதலில் அது சந்தி பிரிக்கும்: நாம், இருக்கும், நாடே. 'நாம்' கழிக்கப்படும் சொற்பட்டியலில் உண்டு. 'இரு' என்பதும் துணைவினையாகப் பெருகி வருவதால் அப்பட்டியலில் இடம்பெறும். எஞ்சுவது 'நாடு'. ஏழுக்கு நான்கு என்ற விகிதத்திற் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த மக்களைப் பற்றிய கதைகளின் தலைப்பிலிருந்து 'நாம்' என்பதும் 'இருத்தல்' என்பதும் நீங்கிவிட்டன. அத்தலைப்பின் முழுப் பாரமும் அவ்விரண்டு சொற்களின்மீதே தங்கியிருந்தது. போதாக்குறைக்கு, தோட்டத்து வழக்கில் அயலிலுள்ள சிங்களக் கிராமமும் 'நாடு' என்றே சுட்டப்படுவதுண்டு. எஞ்சிய ஒரு சொல்லும் எந்த நாட்டைக் குறிக்கின்றது என்பதை அட்டவணை சொல்லாது. ஆசிரியரின் பெயரும் தப்புவதில்லை. முதற்சொல்லை ஆளின் பெயராகக் கொள்ளும் நிரல் 'தெளிவத்தை'யை மனிதராக்கும், இடமாகக் கொள்ளும் நிரல் ஜோசப்பைத் தனியே நிறுத்தும்.

வாய்மொழிப் பாடல்களில் வேறொரு இடர் காணப்படுகின்றது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பு 1983இல் வெளிவந்தது. சாரல் நாடனும் பிறரும் அத்துறையில் உழைத்தனர். ஒரே பாடல் தோட்டத்துக்குத் தோட்டம், தொகுப்புக்குத் தொகுப்பு ஓரிரு சொற்கள் வேறுபட்டு வழங்கும். ஒரு தோட்டத்திற் கங்காணியைச் சாடும் அடி, மறு தோட்டத்திற் கணக்கப்பிள்ளையைச் சாடலாம். பெருந்தொகுதிகளைக் கையாள்வோர் ஒன்றையொன்று பெரும்பாலும் ஒத்த பிரதிகளைக் கண்டு, ஒன்றை வைத்து மற்றவற்றை நீக்குவர். செய்தித்தாள்களின் மறுபதிப்புக்களுக்கு அது தகும். நாட்டார் பாடலுக்கோ வேறுபாடே ஆய்வுப்பொருள். எந்தக் கையதிகாரியின் பெயர் எங்கு மாறியது என்பதிலேயே அவ்வத் தோட்டத்தின் வர்க்க உறவு பதிந்துள்ளது. நிரல் 'இரட்டிப்பு' என நீக்கியது அதனைத்தான்.

இத்துணையும் கூறியதால் எண்ணுதலே வீண் என்று கொள்ளலாகாது. மலையக எழுத்தின் பெரும்பகுதி நூலுருப் பெறாதது. கோ. நடேசையரின் 'தேசபக்தன்' 1924 தொடக்கம் சுமந்ததும், 1930இல் தோன்றிய 'வீரகேசரி' தன் தோட்டப் பகுதிப் பக்கங்களில் ஏந்தியதும், கையெழுத்துப் பிரதிகளிலும் விழா மலர்களிலும் கிடப்பதும் ஒருவர் ஆயுளிற் படித்து முடிக்கத்தக்கவையல்ல. எடுத்துக்காட்டாக ஒரு வினா: 'மலைநாடு' என்ற பெயர் 'மலையகம்' என்ற பெயருக்கு எப்போது, எவ்விதழ்களில், யாருடைய எழுத்தின் வழியே இடம் விட்டது? இந்தியத் தமிழர் எனக் குடிசன மதிப்பீடு 1911இலிருந்து தனியே வகுத்த மக்கள், தம்மைத் தாமே பெயரிட்டுக்கொண்ட வரலாறு அது. இரண்டொரு நூல்களின் தலைப்புக்களைக் காட்டி இதுகாறும் விடை கூறிவந்துள்ளோம். இதழ்கள் முழுவதையும் ஆண்டுவாரியாகத் தொகுதிப்படுத்தி இரு சொற்களையும் எண்ணினால், திருப்பம் நிகழ்ந்த ஆண்டுகளை மட்டுமன்று, தயங்கி நின்ற இதழ்களையும் அடையாளங் காணலாம். அங்கிருந்து அப்பக்கங்களை விமர்சகர் படிக்கத் தொடங்க வேண்டும். பிராங்கோ மொரெட்டி 2000ஆம் ஆண்டிற் 'தொலைவாசிப்பு' எனப் பெயரிட்டு முன்வைத்த முறை பயன்படுவது இத்தகைய இடத்திலேயே. தொலைவிலிருந்து மலையின் வடிவம் தெரியும். கொழுந்தும் முற்றிய இலையும் வேறாகத் தெரிவதற்கு நிரைக்குள் இறங்க வேண்டும்.

இவ்விடத்தில் முற்போக்கு விமர்சகராகிய நாமும் நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டியவர்களாயுள்ளோம். கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்னரே மலையகச் சிறுகதைகளை நாம் தொகுதியாகவே வாசித்தோம். துரையின் கொடுமை, கங்காணியின் வஞ்சகம், லயத்தின் இழிநிலை, தொழிற்சங்கத்தின் துரோகம் என நான்கைந்து தலைப்புக்களை ஆயத்தமாக வைத்திருந்து, கதை வந்ததும் உரிய தலைப்பின்கீழ் இட்டுவிட்டு அடுத்ததற்குச் சென்றோம். தலைப்புக்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றுள் அடங்காத நகைப்பும், காதலும், பிள்ளையின் பொறாமையும், மாலைநேரச் சோம்பலும் நம் கட்டுரைகளில் மீதியாகவே நின்றன. 'காலங்கள் சாவதில்லை' (1974) நாவலைச் சுரண்டலின் சான்றாக எடுத்துக்காட்டிய கட்டுரைகளோடு ஒப்பிட்டால், அதன் உரையாடலில் உள்ள குறும்பைச் சுட்டியவை சிலவே. நிரலைக் குற்றங்கூறும் கை, அந்நிரலை ஒத்த பழக்கத்தையும் சுட்டாவிடில் விமர்சனம் முழுமை பெறாது.

பூசாவின் பணியிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. கல்லராத்தே நகரில் அவருக்காக அட்டைகளைத் துளையிட்டோர் பெரும்பாலும் இளம்பெண்கள். இலத்தீன் அறியாதவர்களே இலத்தீனைப் பிழையின்றித் துளையிட்டனர், அவர்கள் எழுத்தெழுத்தாகக் கவனித்தனர் என்று பூசாவே குறிப்பிட்டுள்ளார். பல்லாண்டுகள் கழித்தே ஆய்வாளர் சிலர் அப்பெண்களின் உழைப்பைத் தேடி எழுதினர். பொருளறியாத கை திறமையானது என்பது உற்பத்தி முறை ஒன்றின் தருக்கம். தேயிலைக் காட்டில் அத்தருக்கம் நாம் அறியாததன்று. மலையக நூல்களை எண்ணிமப்படுத்தும் பணியிலும் பக்கங்களைப் படமெடுப்போரும் பிழைதிருத்துவோரும் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே உள்ளனர். அவர்களுள் 'அரைப்பேர்' என்பதன் பொருள் தெரிந்த தோட்டத்துப் பிள்ளை ஒருவர் இருந்து, அட்டவணையில் கை வைக்கும் உரிமையும் அவருக்கு இருந்திருக்குமாயின், நாம் மூதாட்டியிடம் திருத்தம் பெற வேண்டியிராது.

ஆகவே, சொல்லெண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஆய்வொன்று நம் ஆய்விதழ்களில் வெளியாகும்போது, அதன் முடிவோடு நிரலும், மாற்று அட்டவணையும், குறிப்பாகக் கழிக்கப்பட்ட சொற்களின் முழுப்பட்டியலும் வாசகர் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். மூலபாட ஆய்வில் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தரும் ஒழுக்கத்தை உ. வே. சாமிநாதையர் காலத்திலிருந்தே பின்பற்றிவருகின்றோம். ஏட்டுச் சுவடிக்குக் காட்டிய அவ்வொழுக்கத்தைத் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரத்துக்கும் காட்டுவதற்குத் தடையாயிருப்பது சோம்பலன்றி வேறன்று. கோப்பொன்றைச் சேமிப்பதற்கு நிரலில் இரு வரிகளே தேவை. நிரலை வாசிக்கத் தெரியாது என விமர்சகர் ஒதுங்குவதும் இனிப் பொருந்தாது. யாப்பறியாது செய்யுளை விமர்சிப்பவரை நாம் மதித்ததில்லை.

நம் சொந்தத் தொகுதியை இரண்டாம் முறை செலுத்தியபோது, மூல எழுத்தை அழிக்காது பக்கத்தில் வைத்து, மாற்றிய வடிவத்தை வேறொரு நிரலிற் பதிந்தோம். 'பேர்' மூன்றாகப் பிரிந்தது: அழைக்கும் பேர், ஆட்டொகையைச் சுட்டும் பேர், கூலியாகிய பேர். இம்மூன்றையும் இயந்திரம் பிரிக்கவில்லை; முன்பின் சொற்களோடு வரிகளை அச்சிட்டு, மூதாட்டியும் பேத்தியும் இரு மாலைப்பொழுதுகளில் அடையாளமிட்டுத் தந்தனர். சில வரிகளில் அவர்கள் இருவரும் உடன்படவில்லை. திருவிழா மலரொன்றில் வந்த 'பேர் போட்டார்கள்' என்பது நன்கொடைப் பட்டியலில் பெயர் எழுதியதா, அன்றைய திருவிழாவுக்கு விடுப்பளித்துச் சம்பளம் இட்டதா என்று பேத்திக்கு ஐயம். "அந்தத் தொர அப்பிடியெல்லாம் பேர் போடுறவரு இல்ல" என்று பாட்டி முடிவு கூறினார். அவ்வரிக்கு எதிரே இரு விடைகளையும் பதிந்துள்ளோம். வெலிமடையின் நான்கு எழுத்துமுறைகளும் அவ்வாறே தனித்தனி வரிகளாக இருக்கின்றன.